கழற்றி வைத்த பேட்டரி

ஜூன் 3, செவ்வாய்

எவ்வளவு தேய்த்தாலும் நகத்துக்குள் இருக்கும் கிரீஸ் போகவில்லை. சோப்பு தீர்ந்ததற்கு அக்கா முறைக்கிறாள்.

ஒன்பதாவதோடு என்னை நிறுத்தியபோது, "வாயே தொறக்காத பொண்ணு, படிச்சு வக்கீலா ஆகப் போகுது?" என்று கேட்டவர் மாமா, அக்காவின் புருஷன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் இங்கே வந்தேன். குழந்தை நடக்கத் தொடங்கியதும் என்னை மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டார்கள். அங்கே என் பேர் ஊமச்சி.

ஜூன் 5, வியாழன்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்திருக்கிறது. சொந்தக்காரர் நிழலில் நிற்கும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. மனதுக்குள் அவருக்குக் 'கூலிங்கிளாஸ்' என்று பேர் வைத்துவிட்டேன். ஏற்கெனவே பறக்கிற வண்டி. இன்னும் வேகம் வேண்டுமாம்.

இன்ஜினைப் பிரிக்க, அதன் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் பாலன்சர் சக்கரத்தை முதலில் எடுக்க வேண்டும். அதன் போல்ட் லேசில் அசையாது. திருகினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். சுற்றாமலிருக்க, வண்டிக்கு அடியில் பள்ளத்தில் நின்று, பின்பக்கம் இருக்கும் ஃப்ளைவீல் என்ற பெரிய சக்கரத்தின் பற்களுக்குள் கம்பி கொடுத்து ஒருவர் பிடிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பூட்டு விற்கிறார்கள். மாமா வாங்க மாட்டார்.

"ஊமச்சி கை சின்னக் கை. எந்தப் பூட்டு இப்படி உள்ள போகும்?"

ஜூன் 6, வெள்ளி

கம்பியைப் பிடித்திருக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆனால்? கம்பி சுழன்று விரல்களை நசுக்கிவிடும். பேட்டரி வயரை எடுத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. ஒருவழியாக வாயைத் திறந்து மாமாவிடம் கேட்டேன்.

"பேட்டரில கைய வெச்சே, தெரியும் சேதி! ரேடியோ, சீட்டு, எல்லா செட்டிங்கும் அழிஞ்சிடும். அந்தாளு என்னைத்தான் கடிப்பான்."

"யாராவது ஸ்டார்ட் பண்ணிட்டா?"

"யாரு, பேயா?"

அவர்களுக்கு செட்டிங். எனக்கு விரல்.

ஜூன் 7, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மாமா டீ குடிக்கப் போன நேரத்தில் பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வைத்தேன். பிறகு பள்ளத்தில் இறங்கிக் கம்பியைக் கொடுத்தேன். மாமா முன்பக்கம் போல்ட்டில் நீளக் கம்பியை மாட்டித் தொங்கினார். "விடாதடி! விடாத!"

போல்ட் படீரென்று இளகியது. அதே நேரம் மேலே கதவு திறந்தது. வண்டி லேசாக அமுங்கியது. கூலிங்கிளாஸின் குரல்.

"என்ன தலைவா, பட்டனை அமுக்குறேன், செத்துக் கெடக்கு?"

அமுக்கியிருக்கிறான். என் கை உள்ளே இருக்கும்போது அமுக்கியிருக்கிறான்! சாவி அவன் பாக்கெட்டிலேயே இருந்திருக்கிறது, அந்த வண்டிக்கு அது போதும் — நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

மாமா துணி சுற்றிய வயரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் இதைச் சொன்னார்:

"இந்தக் கழுதை பேட்டரிய எடுத்திருக்கு சார். சொல்லச் சொல்லக் கேக்கல."

"ஐயோ, அப்ப என் சீட்டு செட்டிங் எல்லாம் போச்சா?"

"ஏய், மேல வா. சார்கிட்ட சாரி சொல்லு."

சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

அக்காவிடம் சொன்னேன். "விடுடி. விரலுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்றாள்.

ஆகலை. ஏன் ஆகலை அக்கா? கேட்டிருக்கலாம். துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, திங்கள்

பாலன்சர் வெளியே வந்துவிட்டது. புல்லர் என்ற கொக்கியை வெளி விளிம்பில் மாட்டி இழுத்தால் நடுவிலுள்ள ரப்பர் பிய்ந்துவிடும் என்று, உள் வளையத்தில் பார்த்துப் பார்த்து மாட்டினார் மாமா. பூப் போல எடுத்தார். ரப்பர் மேல்தான் எவ்வளவு அக்கறை!

ஜூன் 17, செவ்வாய்

வேறொரு கார். அதே வேலை.

"எறங்கு" என்றார் மாமா.

"மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் கத்தினார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வந்து கத்தினாள். குழந்தை அழுதது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அவரே இறங்கினார். போல்ட்டைத் திருகுவது என் வேலையானது.

கீழேயிருந்து கேட்டார். "பேட்டரி வயர எடுத்துட்டியா?"

அவர் இறங்குவதற்கு முன்பே எடுத்துவிட்டேன். ஸ்பேனர் என் பையில் இருந்தது. பதில் சொல்லவில்லை.

"ஏய் ஊமச்சி! எடுத்துட்டியா, இல்லையா?"

நீளக் கம்பியை போல்ட்டில் மாட்டினேன்.

"எடுத்துட்டியாம்மா?"

இன்னொரு தடவை கேட்கட்டும் என்று நின்றேன்.