வண்டிக்குத் தண்ணி காட்டிய கதை

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், வண்டியும் நலம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரிப்புக்குள் வண்டி எதற்கு என்று கேட்காதே, அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போக லாரியோடு ஆள் அனுப்பியவன் நீதானே. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், நான் மூச்சு வாங்குகிற நேரத்தில் "அப்ப வித்துடலாம்ல" என்று முடித்தும் விடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் முழுசாகப் படி.

அந்தப் பேட்டரி வண்டியை, கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களைச் சுமந்து ஓய்ந்த வண்டியை, அப்பா வாங்கியபோது "உங்களுக்கு எதுக்கு இந்தப் பொம்மை" என்று சிரித்தாய். அப்புறம் அவருக்கு ஒரு பக்கக் கையும் காலும் விழுந்து, பேச்சும் போன பிறகு, அந்தப் பொம்மைதான் அவரை மேட்டு வீட்டிலிருந்து கீழே நம் குடியிருப்புக் கேட்டுப் பக்கத்து ஹாலுக்குக் கொண்டுபோனது. கேரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் அவர் வாயிலிருந்து ஒன்றிரண்டு வார்த்தை வரும், பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணால்கூட அதை வரவழைக்க முடியவில்லை. எதிராளி காய் போட்டால் "போடா" என்பார், தான் போட்டால் "பார்த்தியா" என்பார், நமக்கு அது போதும். வண்டி ஏற்றத்தில் படுத்த பிறகு அதுவும் போயிற்று. காலையில் சட்டை மாற்றிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காருவார், கொஞ்ச நேரத்தில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். நீ "அப்பா வீட்டிலேயே பத்திரமா இருக்கட்டும்மா" என்றாய். பத்திரமாக வைப்பதற்கு அவர் என்ன வீட்டுப் பத்திரமா, பீரோவில் வைத்துப் பூட்டிவிட?

கம்பெனி மெக்கானிக் வந்தார், சீட்டைக்கூடத் தூக்கவில்லை, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு "மோட்டார் போயிடுச்சும்மா, இதுக்குச் செலவு பண்றதைவிடக் கழிச்சு விடுங்க" என்று போய்விட்டார். நீயும் அதைப் பிடித்துக்கொண்டாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. இத்தனை வருஷம் தையல் கடை நடத்தியிருக்கிறேன், வெந்துபோன மோட்டாரின் நாற்றம் என் மூக்குக்குத் தெரியாதா? இதில் அந்த நாற்றமே இல்லை. மிதித்தால் சீட்டுக்கு அடியில் சுவிட்ச் 'டக்' என்று விழுகிற சத்தம் வருகிறது, சமதரையில் ஓடுகிறது, பின்னாலும் போகிறது, ஏற்றத்தில் பாதி வழி வந்ததும்தான் முக்கி முனகி நின்றுவிடுகிறது. மோட்டார் போயிருந்தால் மேடு பள்ளம் பார்த்தா ஓடும்? இது சோறு கிடைக்காத வண்டி என்று தோன்றியது.

அப்பாவோடு கேரம் ஆடும் பல் டாக்டரிடம் சொன்னேன். மூச்சு வாங்க வாங்க மேடேறி வந்தார், கையில் கையுறை, கண்ணாடி, டார்ச், பல்லைப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடி. எனக்கும் ஒரு ஜோடி கையுறை மாட்டிவிட்டார், ஆசிட் பட்டால் தோல் போய்விடும் என்று. சீட்டைத் தூக்கினால் ஆறு பேட்டரி வரிசையாக, மேலே பளபளவென்று சுத்தம், ஆனால் வயர் பிடித்திருக்கிற முனைகளில் மட்டும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. மூடியைத் திறந்து ஒவ்வொரு வாயாக எட்டிப் பார்த்தவர் "ஆறு பேருக்கும் நாக்கு வறண்டு போச்சுங்க, அடியில தகடு தெரியுது" என்றார். பேட்டரிக்குள் தண்ணீரே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஏனென்றால் வண்டியை நமக்கு விற்ற மைதானத்து டிரைவர் வாங்கிய அன்றைக்கே "மறக்காம பேட்டரிக்குத் தண்ணி காட்டுங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லியிருந்தார், அப்பாவும் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் அப்பா பக்கம் திரும்பி "நீங்க தண்ணி காட்டினீங்கதானே" என்று கேட்டேன். அவர் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, நல்ல கையால் தோட்டத்து டியூபைக் காட்டினார்.

புரிந்ததா? மனுஷன் இத்தனை நாளும் டியூபைப் பிடித்துப் பேட்டரியை மேலெல்லாம் குளிப்பாட்டியிருக்கிறார்! மாட்டுக்குத் தண்ணி காட்டுவது என்றால் குடிக்க வைப்பது, இவர் நிஜமாகவே காட்டிவிட்டு வந்திருக்கிறார். முனையெல்லாம் அரித்துப்போனது அந்தக் குளியலால், உள்ளே காய்ந்துபோனது குடிக்காததால். பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் டார்ச் கீழே விழுந்தது. அப்பா முகம் சுருங்குவதைப் பார்த்ததும் நான், "நம்ம எல்லாருக்கும் தண்ணி காட்டின வண்டிக்கு அவர் தண்ணி காட்டினார், இதுல என்ன தப்பு" என்றேன். நீயும் இதை வைத்து அவரைக் கிண்டல் செய்யக் கூடாது, ஒரு கையை வைத்துக்கொண்டு அந்தச் சீட்டைத் தூக்கி நிறுத்தியவர் அவர்.

அப்புறம் வைத்தியம். கடையில் பேட்டரிக்கென்று விற்கிற தண்ணீரை வாங்கி, முதலில் தகடு மூழ்குகிற அளவுக்கு மட்டும் ஊற்றினோம், சார்ஜ் ஏறின பிறகுதான் மீதி, முதலிலேயே ரொம்ப ஊற்றினால் பொங்கி வழியுமாம். வயரைக் கழற்றி, பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரைக் கொஞ்சமாகத் தொட்டுப் பூத்ததையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்தேன், சோடா உள்ளே போகாமல் டாக்டர் மூடிகளைப் பிடித்துக்கொண்டார். துடைத்து, வயரைத் திரும்ப மாட்டி முறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். மோட்டாருக்குப் போகிற வயர் ஒன்று உள்ளுக்குள் அரித்துப் போயிருந்தது, அதையும் மாற்றினோம். அப்படியும் ஏற்றத்தில் நின்றது. டாக்டர் "விட்டுடலாம்மா" என்றார். நான் விடவில்லை. நின்ற இடத்திலேயே சீட்டைத் தூக்கி, டாக்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பேட்டரியிலும் வோல்ட் பார்க்கிற மீட்டரை வைத்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தபோது ஆறும் நல்ல பிள்ளைகள், இங்கே ஐந்து நிமிர்ந்து நிற்கிறது, கடைசி ஒன்று சுருண்டு கிடக்கிறது. பாரம் ஏறினால்தானப்பா யார் யாரென்று தெரியும். வண்டியை விற்ற டிரைவருக்கே போன் போட்டு, பழசோடு புதுசு ஒத்துப்போகாது என்று அவர் சொன்னதால், அதே வயசுள்ள ஒன்றை வாங்கி மாட்டினேன்.

மாட்டி, சார்ஜ் போட்டுவிட்டு, இன்னும் ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை, அதற்குள் நீ அனுப்பிய ஆள் கேட்டில் லாரியை நிறுத்திவிட்டுக் கயிற்றோடு மேலே வந்து நின்றார். "உங்க பையன் பேசிட்டார், ஓடாத வண்டிதானே" என்று கயிற்றைப் பிரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். கைத்தடியை ஊன்றி, நடந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டி, அந்த ஆளைப் பார்த்து "ஏறு" என்றார். கேரம் பலகை இல்லாத இடத்தில் அவர் பேசி எத்தனை நாளாயிற்று என்று உனக்குத் தெரியும். அந்த ஆள் கயிற்றைக் கையில் பிடித்தபடியே ஏறிவிட்டார். நான் நெருக்கி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக் கேட்டு வரைக்கும் இறக்கினேன், திருப்பினேன், மூன்று பேர் பாரத்தோடு ஏற்றத்தில் மிதித்தேன். எப்போதும் நிற்கிற அந்த வளைவு வந்தபோது வண்டி ஒரு முனகு முனகியது. அப்பா டேஷ்போர்டைத் தட்டி மறுபடியும் "ஏறு" என்றார், இந்தத் தடவை வண்டியிடம். ஏறியது. வீட்டு வாசல் வரைக்கும் ஏறியது. நான் அழுதேன், அதை எதற்கு மறைக்க வேண்டும். அந்த ஆள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, தானே நடந்து இறங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

ஆகவே கேட்டுக்கொள், வண்டி விற்பனைக்கு இல்லை, நாங்களும் சுவரைப் பார்த்து உட்காருவதாக இல்லை. உன் அக்கறை எனக்குத் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஆபத்தாகத்தான் தெரியும். இனிமேல் இந்த வீட்டில் எதையாவது கழிப்பதென்றால் எங்களைக் கேட்டுவிட்டு ஆள் அனுப்பு. மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், குட்டிக்குச் சளி இருந்தால் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. எல்லாருக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். விடுமுறைக்கு வரும்போது கேட்டிலிருந்து வாடகை வண்டி பிடிக்கக் கூடாது, நான் வந்து நிற்பேன், அப்பாவும் வருவார். விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காமல், பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு, ஏறு.

இப்படிக்கு,
ஸ்டீயரிங்கை விடாத உன் அம்மா