கொம்பைத் தின்ற போர்டு

மாப்பிள்ளை,

இன்று காலை உங்கள் மகள் உங்கள் பழைய கம்ப்யூட்டரைப் போட்டாள். சற்று நேரத்தில் சூடேறிய தூசி வாடை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பெரம்பலூரில் உங்கள் கம்ப்யூட்டர் கடையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது வருமே, அதே வாடை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக வந்து நின்றேன். நின்றவளால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். இதில் எழுத்து விட்டுப்போயிருந்தால் அதைச் சொல்ல உங்களுக்கு வாய் கிடையாது.

நான் எதையும் மறப்பவள் இல்லை. மறுவீட்டு விருந்தில் பாயசம் ஊற்ற வந்த என்னைக் கையால் தடுத்துவிட்டு எழுந்து போனீர்கள். என் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வலது காலை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். மருமகனிடம் மாமியார் நேரே குறை சொல்ல முடியாது. சமையல்கட்டிலிருந்து உங்கள் மனைவியிடம்தான் சொல்வேன்.

"கால ஆட்டுனா வூட்டுக்கு ஆவாதுன்னு சொல்லுடி."

"காதுல விழுந்துச்சு அத்தை," என்பீர்கள். ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

அதெல்லாம் சில்லறைக் கோபங்கள். பெரிய கோபம் என் சின்ன மகள் கல்யாணத்தில் வந்தது. அரியலூர் மண்டபத்து வாசலில் சிவப்பு எழுத்து ஓடுகிற போர்டு வைப்பது உங்கள் சீர் என்றீர்கள். நீங்களே செய்த போர்டு. கடையில் ஓட்டிக் காட்டினீர்கள், சம்பந்தி சோலைமுத்து பேர் முத்து முத்தாக ஓடியது. கல்யாணத்தன்று காலையில் பழைய கம்ப்யூட்டர் புகைந்து நின்றுவிட்டது. சிநேகிதரிடம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை இரவல் வாங்கி, பழையதின் டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினீர்கள். எழுத்து ஓடியது. ஆனால் சுற்றுக்குச் சுற்று வெவ்வேறு எழுத்தைத் தின்றுகொண்டே ஓடியது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து இறங்கிய நேரம் பார்த்து சோலையின் கொம்புகள் இரண்டையும் காலையும் தின்றது. 'சலமுத்து வருக வருக' என்று ஓடியது.

சம்பந்தியின் மைத்துனர் ஒருவர் சத்தமாகப் படித்தார். "என்ன மாமா, புண்ணு பழுத்துடுச்சா? சலம் வருதாமே."

மண்டபமே சிரித்தது. சோலைமுத்து சிரிக்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் கையை நனைக்காமல் வேனில் போய் உட்கார்ந்தார். தலை தீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்க ஆள் அனுப்பினேன். சம்பந்தி ஊரான வாலிகண்டபுரத்திலிருந்து பதில் வந்தது: "மொதல்ல எம் பேரத் திருத்தச் சொல்லுங்க. அப்பறம் பொண்ணக் கூப்பிடட்டும்."

முதல் தீபாவளிக்குப் பெண் பிறந்த வீடு வராவிட்டால் ஊர் என்ன பேசும்? அங்கே அவளை யார் மதிப்பார்கள்? நான் உங்களோடு பேச்சை விட்டேன்.

நீங்கள் அதே போர்டையும் அதே இரவல் கம்ப்யூட்டரையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வாலிகண்டபுரம் புறப்பட்டீர்கள். பெண் அழைக்க நானும் வரத்தான் வேண்டியிருந்தது. பின்னால் போர்டைப் பிடித்தபடி நீங்கள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் உங்கள் மனைவி.

"இந்தத் தடவையும் தின்னுச்சுன்னா நான் திரும்பி வூட்டுக்கு வரமாட்டேன்னு சொல்லுடி."

"தின்னாதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. போர்டு ஒரு எழுத்த வாங்கி வைக்கத் துளியூண்டு நேரம் ஆவும். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் காத்திருக்கணும். காத்திருக்கறதுன்னா, சும்மா எண்ணிக்கிட்டே இருக்கும்."

"எண்ணிக்கிட்டு நிக்கறதுக்கு ஒரு மெஷினா? அந்த நேரம் செத்த கண்ண மூடக் கூடாதான்னு கேளு."

"அவ்வளவு சின்ன நேரத்துல தூங்கி எந்திரிக்க முடியாதுன்னு சொல்லு. கண்ண மூடறதுக்குள்ளயே நேரம் போயிடும்."

"நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்றாள் உங்கள் மனைவி. "ரெண்டு பேரும் நேராத்தான் பேசிக்கங்களேன்."

நீங்கள் அவளைப் பார்த்தே மீதியையும் சொன்னீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து மெஷினை ஆள்கிற ஒன்று இருக்கிறதாம், கெர்னல் என்று பேர். ஒவ்வொரு முறை எழும்போதும் தன் வேகத்தைத் தானே அளந்துகொள்ளுமாம். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் தன்னால் எவ்வளவு எண்ண முடிகிறது என்று பார்க்குமாம். ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய், துடிப்பைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி ஒரு எண்ணைப் பிடிக்குமாம். கரண்ட் போய் வந்தால் சீக்கிரம் எழட்டும் என்று, அளக்கிற அந்த நொடியையும் நீங்கள் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். பழைய மெஷினின் எண்ணை நீங்களே டிஸ்க்கில் எழுதி, இதுதான் உன் வேகம், அளக்காதே என்று சொல்லியிருக்கிறீர்கள். டிஸ்க்கு புது மெஷினுக்குப் போனது, எண் மாறவில்லை. புதியது படபடவென்று எண்ணி முடித்து அடுத்த எழுத்தை எறிந்தது. போர்டு முந்தைய எழுத்தையே இன்னும் வாங்கி முடிக்கவில்லை. இப்போது அந்த எண்ணை அழித்துவிட்டதாகச் சொன்னீர்கள்.

எனக்கு நன்றாகப் புரிந்தது. கால் ஆட்டுகிறவர் செய்கிற வேலைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சோலைமுத்து வீட்டு வாசலில் தெருவே கூடியது. பெஞ்சில் கம்ப்யூட்டர், நிலைக்கு மேலே போர்டு. திரையில் வெள்ளை வரிகள் மடமடவென்று ஏறி, ஓரிடத்தில் தயங்கின.

"என்னங்க, நின்னுடுச்சு?" என்றார் சம்பந்தி.

"அளந்துக்குதுங்க மாமா. கல்யாணத்தன்னிக்கு அளக்க விடாம நான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னுதுங்க. மன்னிச்சிக்கணும்."

வரிகள் நகர்ந்தன. சோலைமுத்து என்று கொம்பும் காலும் கூடி ஓடியது. மறுபடி ஓடியது, மறுபடியும். அவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். பிறகு கேட்டார்: "எங்கய்யா பேரையும் கூடப் போட முடியுங்களா?"

உள்ளே கதவோரம் என் சின்ன மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தீபாவளிக்கு முதல் நாளே அவளை அனுப்பிவைப்பதாகச் சம்பந்தி சொல்லிவிட்டார்.

திரும்பும்போது நான் உங்கள் மனைவியிடம் சொன்னேன். "அவங்ககிட்ட சொன்ன வார்த்தைய எங்கிட்ட சொல்லலியே. மண்டபத்துல தலைய குனிஞ்சு நின்னது நானு."

நீங்கள் சாலையைப் பார்த்தபடி அவளிடம் சொன்னீர்கள். "தீபாவளிக்கு வரும்போது சொல்றேன்னு சொல்லு."

தீபாவளிக்கு வந்தீர்கள். கடையில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லி நின்றுகொண்டே இரண்டு இட்லி தின்றுவிட்டுப் போனீர்கள். பொங்கலுக்குச் சொல்வீர்கள் என்று இருந்தேன், வரவில்லை. மாசியில் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் கால் ஆடாமல் கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். உள்ளே கூப்பிட்டபோது நீங்கள் பேசுகிற நிலையில் இல்லை.

சொல்லாமலே போய்விட்டீர்கள். எனக்கு ஆறவில்லை. ஆறிவிட்டது என்று சொன்னால் பொய்.

இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அந்த டிஸ்க்கு ரிப்பேர் செய்த பழைய கம்ப்யூட்டருக்கே திரும்பிவிட்டது. நீங்கள் எழுதிவைத்த எண்ணை அழித்தது அழித்ததுதான், பிறகு நீங்கள் அதைத் தொடவில்லை. உங்கள் மகள் சுவிட்சைப் போட்டதும் வரிகள் ஏறி அந்த இடத்தில் தயங்குகின்றன. இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. எந்த வரி என்று மட்டும் தெரியும்.

அவளும் வலது காலைத்தான் ஆட்டுகிறாள். அந்த வரி நிற்கிற வரைக்கும் நான் அவளை ஒன்றும் சொல்வதில்லை. வரி நகர்ந்ததும் சொல்லிவிடுகிறேன்.