நீ மாற்றி வைத்த கட்டுரை குறித்து

ஏப்ரல் 20

அன்பு மகளுக்கு,

நீயும் மருமகனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனதார விரும்புகிறேன். இங்கே நான் நலம். உன் அம்மா உடலளவில் நலம். அதற்கு மேல் அவளைப் பற்றி நல்லதாக எழுத முடியாமல் போனது ஏன் என்பதைக் கீழே தேதிவாரியாகக் கொடுத்திருக்கிறேன். தொலைபேசியில் கேட்டால் நீ விளக்கம் தருவாய், உன் விளக்கங்கள் எப்போதும் நன்றாகவே இருக்கும், நானும் பாதியிலேயே உம் கொட்டத் தொடங்கிவிடுவேன். ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

1. மார்ச் 9: "நான் வேலை செய்யும் இடம்" என்ற கட்டுரையை உன் அம்மா நோட்டில் எழுதி முடித்து, கணினியில் இரண்டு விரலால் தட்டி, தான் படிக்கும் இணையவழிக் கிறிஸ்தவப் பள்ளியின் பக்கத்தில் ஏற்றினாள். அது ஆறு நாள் உழைப்பு.

2. மார்ச் 10: சேர்க்கையின்போது உனக்குத் தெரியவந்த அவளுடைய கடவுச்சொல்லைக் கொண்டு நீ உள்ளே நுழைந்தாய். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவள் கட்டுரையை எடுத்துவிட்டு, நீ எழுதிய ஒன்றை அந்த இடத்தில் வைத்தாய்.

3. அதே நாள்: "கர்த்தருக்கு முன்பாக, இது என் சொந்த உழைப்பு என்று உறுதி கூறுகிறேன்" என்று அடியில் இருந்த கட்டத்தில், அவள் பெயரால், நீ குறியிட்டாய்.

4. ஏப்ரல் 14: அதன் பலனை அவள் நேரடி வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அனுபவித்தாள்.

5. ஏப்ரல் 15: நான் தொலைபேசியில் கேட்டபோது நீ மறுக்கவில்லை. சிரித்தாய்.

இந்தப் பள்ளியைத் தேடிப் பிடித்து அவளைச் சேர்த்துவிட்டவள் நீதான், அதை நான் மறக்கவில்லை. பள்ளியின் கடைசி வகுப்பில் பாதியில் நின்றுபோன ஒருத்தியை ஐம்பதாவது வயதில் மறுபடி மாணவியாக்கியது பெரிய காரியம். மதப் பள்ளி என்றால் பாடம் கொஞ்சமும் பிரசங்கம் அதிகமுமாக இருக்கும் என்று நான் அப்போது சொன்னது தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கணக்குப் பாடத்தில் இரண்டு இடங்களில் நானே திணறினேன். வாரத்தில் மூன்று மாலைகள், மருத்துவமனைத் துணிப்பிரிவிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அவள் உட்காருவாள். வகுப்பு ஜெபத்தோடு தொடங்கும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை. தன் முறை வரும் நாளில் இவள் காலையிலிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஆலயத்திற்குப் போவது பழக்கத்தால், அவள் போவது நம்பிக்கையால். அந்த உறுதிமொழிக் கட்டத்தில் குறியிடும்போதெல்லாம் அவள் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். நீ எத்தனை நொடி எடுத்துக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியாது.

நீ தூக்கிப் போட்ட கட்டுரையின் நோட்டுப் பிரதி இப்போது என் முன்னால் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு வாக்கியங்களை அப்படியே தருகிறேன்: "பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரே நிற்பவள் இன்றைக்குக் கோபமாக இருக்கிறாளா, அழுதுவிட்டு வந்திருக்கிறாளா என்பது அவள் துணியை இழுக்கிற இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிடும்." நீ அங்கே வைத்ததிலிருந்து ஒன்று: "வெண்மை என்பது ஒரு நிறமன்று, அது மானுட மாண்பின் மௌனச் சாட்சியம்." இரண்டையும் அடுத்தடுத்து நான்கு முறை படித்தேன். முதலாவதை எழுதியவளுக்குத் துணி மடிக்கத் தெரியும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இரண்டாவதை எழுதியவளுக்கு எது தெரியும் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 14 அன்று நடந்ததை நீ முழுவதும் கேட்கவில்லை, கேட்பதற்குள் சிரித்துவிட்டாய். ஆகவே சொல்கிறேன். நான் மேசையின் மறுமுனையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் ஆசிரியை, இந்த முறை வந்த கட்டுரைகளில் சிறந்ததைப் படிக்கப்போகிறேன் என்று சொல்லி உன் அம்மாவின் பெயரைச் சொன்னார். இவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தில் நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும். பிறகு ஆசிரியை படிக்கத் தொடங்கினார். முதல் வாக்கியம் முடிவதற்குள் இவள் கையை உயர்த்திவிட்டாள். "டீச்சர், இது நான் எழுதினது இல்லையே. வேற யாரோடதோ மாறி வந்திருக்கு, பாருங்க" என்றாள். ஆசிரியை சரிபார்த்துவிட்டு, உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது, உறுதிமொழியும் போட்டிருக்கிறீர்கள் என்று மரியாதையாகவே சொல்லி, மேலும் இரண்டு வரி படித்துக் காட்டினார். மூன்றாவது வரியில் இவளுக்குப் புரிந்துவிட்டது. பேச்சுப் போட்டிக்கு நீ வீடு முழுக்க நடந்து நடந்து மனப்பாடம் செய்ததையெல்லாம் அடுப்படியில் நின்று கேட்டவள் அல்லவா, அந்த நடையை அவளுக்கு அடையாளம் தெரியாதா. அப்படியானால் யார் எழுதியது என்று ஆசிரியை கேட்டார். இவள் வாயை மூடிக்கொண்டாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓட்டுநர் இருக்கையிலிருந்தே வகுப்பில் கலந்துகொள்ளும் லாரிக்காரர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், நிலைமையைச் சமாளிக்க, "அக்கா, எனக்கும் ஒரு வரிகூடப் புரியல, நீங்க எழுதியிருந்தா புரிஞ்சிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை, ஆனால் உன் அம்மா கேமராவை அணைத்துவிட்டாள். பிறகு என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "பாப்பா எழுதினது. நல்லாத்தான் எழுதியிருக்கா." மறுநாள் காலை நான் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட்டுரை மாற்றப்பட்ட நேரம் பிற்பகல் இரண்டு மணி, அப்போது அவள் வேலையில் இருந்தாள். அதன் பின்புதான் உன்னை அழைத்தேன்.

நீ சொன்ன பதிலை நான் குறித்து வைத்திருக்கிறேன். "அப்பா, அம்மா எழுதினதை அப்படியே விட்டா யாரு மார்க் போடுவா? கொஞ்சம் பளிச்சுனு ஆக்கினேன், இதுக்குப் போய்" என்றாய். நீ கல்லூரியில் மொழி கற்பிப்பவள். போன வருடம் இங்கு வந்திருந்தபோது, வேறொருவர் எழுதியதைத் தன் பெயரில் கொடுத்த ஒரு மாணவனைக் கையும் களவுமாகப் பிடித்ததை இதே மேசையில் உட்கார்ந்து அரைமணி நேரம் நடித்துக் காட்டினாய். அவனைத் தேர்வு எழுதவிடாமல் செய்ததையும் சொன்னாய். அவனாவது தானே திருடினான். என் வேலை உனக்குத் தெரியும், இருபத்தெட்டு வருடங்களாக ஊராருக்குப் போகும் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்திடுகிறேன். கிணற்று நீர் கலங்கலாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, சோதனைப் புட்டியில் யாராவது சுத்தமான தண்ணீரை ஊற்றி அனுப்பினால், நான் அவரைக் கருணையுள்ளவர் என்று எழுதமாட்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். ஏப்ரல் 17 அன்று உன் அம்மா பள்ளிக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். அனுப்பிய பிறகே என்னிடம் காட்டினாள். கட்டுரையை எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிட்டேன், வகுப்பில் மறுத்தது பயத்தினால், குற்றம் முழுவதும் என்னுடையது, வேறு யாருக்கும் இதில் தொடர்பில்லை என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அவ வாத்தியார் வேலையில இருக்கா. நாளைக்கு யாராவது இதைத் தோண்டினா அவளுக்குத்தான் கஷ்டம். எனக்கு என்ன, நான் துணி மடிக்கிறவ" என்றாள். பள்ளியின் விசாரணைக் குழு ஏப்ரல் 30 அன்று கூடுகிறது. இந்தக் கடிதம் நின்றால் அவளுடைய இந்த ஆண்டு ரத்து, மே மாதத் தேர்வு இல்லை, இரண்டு ஆண்டுகளுக்கு மறுபடி சேரவும் முடியாது. நான் உண்மையை எழுதுகிறேன் என்றேன், எழுதமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உனக்கு எழுதக்கூடாது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இன்றைய வகுப்புக்கு ஜெபம் சொல்ல அவள் முறை என்று நேற்று தகவல் வந்தது. தொண்டை சரியில்லை என்று பதில் அனுப்பியிருக்கிறாள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று எழுதியதும் பொய்தானே என்று அவள் நினைக்கிறாள். உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது.

என் பங்கையும் பதிவு செய்வது நியாயம். திருமணமான புதிதில் பயிற்சிக்காக நான் நான்கு மாதங்கள் வெளியூரில் இருந்தேன். அவள் எனக்கு எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி, அவளுக்கே திருப்பி அனுப்பினேன். படித்த கணவன் செய்யும் உதவி என்றுதான் அப்போது நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு எழுதவில்லை. முப்பது வருடங்கள் ஆகின்றன. இடையில் அவள் எழுதியதெல்லாம் கடைச் சீட்டும் மருந்து வேளைக் குறிப்பும்தான். இந்தக் கட்டுரைதான் அவள் முழுதாக எழுதிய அடுத்த பக்கம். நான் செய்ததை நீ அறிந்திருக்கவில்லை, இப்போது அறிவாய்.

மற்ற செய்திகள்: உன் சித்தப்பாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது, கைத்தடியோடு நடக்கிறார், அதைவிட அதிகமாகக் கைத்தடியை நீட்டி எல்லோரையும் வேலை வாங்குகிறார். குளியலறைக் குழாயை மாற்றிவிட்டோம். நீ இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாய் என்று மருமகன் சொன்னார், அதைச் செய்யாதே, உனக்கு வயிற்றுப்புண் வந்தது நினைவிருக்கட்டும்.

நீ செய்ய வேண்டியவை. பள்ளியின் முதல்வருக்கு உன் பெயரும் கையெழுத்தும் இட்டு, கட்டுரையை மாற்றியவளும் உறுதிமொழியில் குறியிட்டவளும் நீதான், உன் அம்மாவுக்கு அது தெரியாது என்று எழுது. நோட்டுப் பிரதியின் படத்தை இதனுடன் அனுப்பியிருக்கிறேன், சேர்த்துக்கொள். உன் வேலைக்கு இதனால் ஏதாவது வருமானால் வரட்டும், உன் பக்கத்தில் நான் நிற்பேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். இரண்டாவதாக, உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. தொலைபேசியில் வேண்டாம், உன் குரலைக் கேட்டதும் அவள் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள்.

கடவுள் உன்னையும் மருமகனையும் நோய்நொடியின்றி வைத்திருக்கட்டும். நீ எங்கள் மகள் என்பதில் எனக்கிருந்த பெருமை இன்னும் முழுவதும் போய்விடவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். முதல்வருக்கு எழுதியதன் நகலும் அம்மாவுக்கான கடிதமும் ஏப்ரல் 28, மாலை ஐந்து மணிக்குள் எழுத்து வடிவில் என் கைக்கு வந்து சேர வேண்டும். அம்மாவுக்கு எழுதுவதை ஒரே மூச்சில் எழுது, திரும்பப் படித்துச் செப்பனிடாதே, அப்படியே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா