ஒரு கட்டில் போகிற அளவு இடம்

பாத்ரூம் டைல்ஸை உடைக்கச் சொல்லிவிட்டேன், அண்ணே. காலையிலிருந்து கொத்தனார் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருக்கிறார். வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் குரல்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே இந்த வீட்டை இடித்துக் கட்டிய நாட்களில் சோற்றில்கூட இதே வாசனைதான் அடித்தது. நீங்கள் கண்ணை மூடி வருஷம் ஒன்றாகிவிட்டது. உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல திண்டுக்கல்லிலும் வளைகுடாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டு வேலையை நீங்கள் ஆரம்பித்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. கொல்லைப்புறம் நடக்க முடியவில்லை, வீட்டுக்குள்ளேயே ஒரு பாத்ரூம் வேண்டும் என்றாள். அதைக் கட்டிக்கொடுத்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினீர்களா? வீடியோ காலில் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக நடக்க வேண்டும். "ஏத்தா, இன்னுங்கொஞ்சம் மேல தூக்கு. அந்த மூல தெரியலயில்ல" என்பீர்கள். எனக்குக் கை கடுக்கும், அடுப்பில் வெஞ்சனம் தீயும். ஹால் சின்னதாகத் தெரிகிறது என்று முன்சுவரை வாசல் பக்கம் தள்ளிக் கட்டச் சொன்னீர்கள். கார் நிறுத்த விட்டிருந்த போர்ட்டிகோ அதில் பாதியாகிப் போனது. அடுத்த லீவில் வந்து, அந்தப் பாதி இடத்துக்குள் ஊரிலேயே பெரிய காராகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்து சொருகினீர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் காருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் வந்தார்கள். கொஞ்சம் பருமனான சொந்தக்காரர்கள் கேட்டிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பாத்ரூமுக்கு நீங்கள் பொறுக்கியது முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ். போட்டோவில் பளிச்சென்று வரும் என்று சொன்னீர்கள். வந்ததுதான். நீங்கள் அந்தப் போட்டோவை எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ தெரியாது. அம்மா முதல் நாளே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் கையிலிருந்து போனை வாங்கி, "வழுக்குதுப்பு. கால ஊண முடியல" என்றாள்.

"பழகிரும்மா" என்றீர்கள். உங்களுக்கு மற்றவர்களுடைய கஷ்டம் எல்லாமே பழகிவிடும்.

பழகவில்லை. அன்றைக்கு நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பி, தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். தொம்மென்று சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால் ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. உள்பக்கம் திறக்கிற கதவு அது. அம்மா அதற்குப் பின்னாலேயே விழுந்து கிடந்தாள். நான் தள்ளத் தள்ள அவள் இடுப்பிலேயே போய் இடித்தது. "தள்ளாத தாயி, தள்ளாத" என்று உள்ளேயிருந்து கெஞ்சினாள். மில்லில் ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, அரிவாளால் அந்தப் பிளாஸ்டிக் கதவைக் கிழித்துத்தான் உள்ளே போனார்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் ஸ்ட்ரெச்சர் உங்கள் காரைத் தாண்டி உள்ளே வரவில்லை. காரை வெளியே எடுக்கலாம் என்றால் சாவி இல்லை. இரண்டு சாவியும் உங்களோடு மஸ்கட்டில் இருந்தன. "இங்க விட்டா எவனாச்சும் எடுத்து ஓட்டிருவாய்ங்க" என்று சொல்லிவிட்டுத்தானே பையில் போட்டுக்கொண்டு போனீர்கள்! அந்த எவனாச்சும் யார்? என் வீட்டுக்காரரைத்தான் சொன்னீர்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது, டயரில் காற்று இல்லை. தெரு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை. கடைசியில் அம்மாவை ஒரு பெட்ஷீட்டில் கிடத்தி வாசல்வரை தூக்கிவந்து, கார் பானெட்டுக்கு மேலே தோள் உயரத்துக்குத் தூக்கி, அந்தப் பக்கம் நின்றவர்கள் கையில் கொடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்த கிழவியை. அவள் கத்திய கத்தலில் எதிர் வீட்டுப் பிள்ளைகள் பயந்து அழுதன.

ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் குறுக்கே பேசவில்லை. கதவு எந்தப் பக்கம் திறந்தது, எவ்வளவு இடம் இருந்திருந்தால் ஸ்ட்ரெச்சர் போயிருக்கும் என்று நிதானமாகக் கேட்டீர்கள். "ஒரு கட்டில் போற அளவு இடம் இருந்தாப் போதும்ண்ணே" என்று சொன்னேன். நீங்கள் துக்கத்தில் இருக்கிறீர்கள், அதனால்தான் சின்னச் சின்னதாகக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அம்மா ஹாலில், நீங்கள் பெரிதாக்கிய அதே ஹாலில், கட்டிலோடு கிடந்தாள். ஒருநாள் எதிர் வீட்டு அக்கா போனை எடுத்துக்கொண்டு வந்தார். ஷார்ஜாவில் இருக்கும் அவர் மகன் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தானாம். "இது உங்கண்ணன் சத்தந்தானே?" என்று போட்டுக் காட்டினார். வளைகுடாவில் வேலை பார்க்கிற நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதும், அதில் நீங்கள் வீடு கட்டவும் வண்டி பராமரிக்கவும் யோசனை சொல்லுகிற பெரிய மனிதர் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"நண்பர்களே, ஊர்ல வீட்டு வேல பாக்குறவங்க நல்லாக் கேட்டுக்கங்க. பாத்ரூமுக்குப் பளபளா டைல்ஸ் போடவே போடாதீங்க. சொரசொரப்பாப் போடுங்க, போட்டுட்டீங்கன்னாலும் உடச்சு மாத்துங்க. கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். போர்ட்டிகோவுல வண்டி நின்னதுக்கப்புறமும் ஓரத்துல ஒரு கட்டில் போற அளவு இடம் விடுங்க. சாவிய வீட்ல ஒருத்தர்ட்ட நம்பிக் குடுத்துட்டு வாங்க. வாரத்துக்கு ஒருக்கா எடுத்து நாலு தெரு சுத்தச் சொல்லுங்க, இல்லாட்டி பேட்டரி படுத்துரும். சாவி நம்ம பையில, வண்டி ஊர்லன்னா அது எதுக்கு? இப்டித்தான் பாருங்க, ஒரு வீட்ல ஒரு வயசான அம்மா வழுக்கி விழுந்து, வெளிய கொண்டு வாரதுக்குள்ள பெரும்பாடாப் போச்சாம்."

போச்சாம்! யாரோ சொல்லி நீங்கள் கேள்விப்பட்ட மாதிரி.

எதிர் வீட்டு அக்கா போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா விழித்துத்தான் இருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"என்னையத்தான சொல்றான்" என்றாள். "எங்கம்மான்னு சொல்ல அவனுக்கு வாய் வரலையாக்கும்? பேரச் சொன்னா என்ன கொறஞ்சா போயிருவான்?"

அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் போனில் உங்களோடு சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? "அதே குரூப்புல இன்னொண்ணு பேசிப் போடுங்கண்ணே. அது எங்கம்மா, எங்க வீடுன்னு சொல்லுங்க. அம்மா கேக்குது. வேற ஒண்ணும் வேணாம்" என்றேன்.

"ஏத்தா, நாலு பேரு நம்மள மதிச்சு யோசன கேக்குறான். என் வீட்லயே இப்டி ஆயிப்போச்சுன்னா எவன் கேப்பான்? வெவரம் போய்ச் சேந்தாப் போதாதா? அம்மாட்ட நான் பேசிக்கிறேன், விடு."

நீங்கள் பேசிக்கொள்ளவில்லை. சரி, அந்த டைல்ஸையாவது மாற்றலாமா என்றதற்கு, "புத்தம் புது டைல்ஸ உடைக்கச் சொல்றியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள். உடைத்து மாற்றுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே வாயால். நான் அதன் மேல் சாக்கை விரித்துப் போட்டேன். அது நனைந்து நனைந்து நாறும், மறுபடி வேறு சாக்கு போடுவேன். அம்மாவுக்கு அதற்குப் பிறகு அந்தப் பாத்ரூம் தேவைப்படவில்லை, எங்களுக்குத்தான். அவள் அந்தக் கட்டிலிலேயே கிடந்து, அங்கேயே போனாள். கடைசி வாரம்கூட, "அவன் ஏதாச்சும் பேசிப் போட்டானா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வேண்டியவள் நான்தானே.

காரியத்துக்கு வந்தீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் புது பேட்டரி மாட்டி, சொந்தக்காரர்களை ஆத்தூருக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அந்தக் காரிலேயே ஏற்றி இறக்கினீர்கள். எல்லாரும் மெச்சினார்கள். திரும்பிப் போகும்போது சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்? யாரிடமும் இல்லை. இரண்டையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடியதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிறகு நெஞ்சுவலி வந்து அங்கேயே முடிந்துபோய், திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து பெட்டியில் வந்தீர்கள். முந்தின விமானத்தில் அண்ணியின் தம்பி மஸ்கட்டிலிருந்து சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் பெட்டி உள்ளே நுழைய வேண்டும் என்று காரைத் தெருவுக்கு எடுத்து நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்காக ஒரு அடி நகராத வண்டி. நான் அழுதேன், அண்ணே. எல்லாரும் உங்களுக்காக என்று நினைத்துக்கொண்டார்கள். உங்களுக்காகவும் கொஞ்சம் அழுதிருப்பேன், கூடப் பிறந்த பாவத்துக்கு.

அந்தக் கூட்டத்தில் பழனிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தர் வந்திருந்தார். குவைத்தில் லாரி ஓட்டுகிறாராம், லீவில் வந்த இடத்தில் செய்தி கேட்டு ஓடிவந்திருக்கிறார். "ஏனுங்க, நீங்க அண்ணனோட தங்கச்சிங்களா? அண்ணன் சொல்லித்தானுங்க எங்கம்மாளுக்குப் பாத்ரூம்ல சொரசொரப்புக் கல்லு போட்டு, புடிச்சுக்கக் கம்பி வெச்சேன். மணிக்கணக்கா எங்கிட்டப் பேசுவாருங்க, ஒரு சலிப்பு இருக்காது. போன மாசம் எங்கம்மா தலசுத்தி உள்ளயே உக்காந்துட்டாங்க. கதவு வெளிய திறக்கற கதவுங்க, சுலுவாத் தூக்கிட்டோம். இப்ப நல்லா நடக்கறாங்க" என்று சொல்லிவிட்டு என் எதிரிலேயே உடைந்து அழுதார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. முன்பின் பார்த்திராத ஒரு கிழவி பழனிப் பக்கம் எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கிறாள் என்பதில் வயிறு எரிந்தது. அந்த ஆளிடம் நீங்கள் காட்டிய பொறுமையில் கால்வாசி எனக்கோ அம்மாவுக்கோ கிடைத்ததில்லை. உங்களை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருந்தேன். அதையும் அவர் வந்து குழப்பிவிட்டுப் போனார். நீங்கள் சொன்னது அத்தனையும் சரியான யோசனை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்த வீட்டை என்ன செய்வது என்று இப்போதுதான் அண்ணி என் பொறுப்பில் விட்டார். முதல் வேலையாக டைல்ஸ். அடுத்து கதவு. காரை அண்ணி விற்றுவிட்டார், போர்ட்டிகோவில் என் வீட்டுக்காரரின் மொபெட் நிற்கிறது.

உங்கள் வாய்ஸ் நோட் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் இல்லை என்றதும் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். தோஹாவிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். தங்கச்சிக்கும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. தெரியும்தான். எந்த டைல்ஸ், கம்பி எவ்வளவு உயரம், கார் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று மருந்துக்கடையில் சீட்டுக்கு மாத்திரை எண்ணிக்கொண்டே சொல்கிறேன். உங்கள் வார்த்தைகளே என் வாயில் வருகின்றன. அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். யார் வீட்டு அம்மா விழுந்தாலும் விழுந்ததுதானே.

கொத்தனார் உடைத்துக்கொண்டிருந்தபோதே ஒரு பையன் கூப்பிட்டான். ரெட்டியார்சத்திரத்துக்காரன், தோஹாவில் எலெக்ட்ரீஷியன். ஊரில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுகிறான். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். கடைசியில் கேட்டான்: "அக்கா, இம்புட்டு வெவரத்தையும் அண்ணன் எப்டிக்கா கண்டுபிடிச்சாரு?"

"எங்கம்மா விழுந்துதான் கண்டுபிடிச்சாரு" என்றேன்.

உங்கள் வாய்ஸ் நோட்டில் வந்த அந்த 'ஒரு வீட்ல ஒரு வயசான அம்மா' எங்கள் அம்மாதான், அந்த வீடு இதுதான் என்று முதல் தடவையாக ஒரு வெளி ஆளிடம் முழுக்கச் சொன்னேன். கதவு, பெட்ஷீட், பானெட், எதையும் விடவில்லை.

"அம்மா பேரு என்னக்கா?"

"பேச்சியம்மா. குரூப்புல நீ யாருக்குச் சொன்னாலும் அந்தப் பேரோட சொல்லுப்பா."

"சொல்றேங்க்கா." தயங்கினான். "அண்ணன் பேரச் சொல்லலாமாக்கா?"

"சொல்லு" என்றேன். "டைல்ஸ் போட்டது அவருதான்."