வெயிலில் வைத்த கண்ணாடிக் குண்டு

நண்பா,

இன்று காலை கூடத்தில் காகிதம் கருகும் வாசனை. ஓடிப்போய்ப் பார்த்தால், சன்னலோரம் நான் வைத்த உன் கண்ணாடிக் குண்டு வெயிலைக் குவித்து, பக்கத்திலிருந்த கரண்டு பில்லில் மிளகளவு ஓட்டை போட்டிருந்தது.

உப்பளக் கொட்டகையில் நீ லாரிகளுக்குச் சீட்டு எழுதுவாய். கடல்காற்று அந்தச் சீட்டுகளை உப்புக் குவியல் வரை துரத்தும். அதற்காக வாங்கிய முதல் பேப்பர் வெயிட்டுக்குள் ஒரு சிவப்புப் பூ இருந்தது. அதோடு உனக்குப் பித்துப் பிடித்தது. புதுச்சேரி ஞாயிறு சந்தையை அலசி அலசிப் பதினேழு சேர்த்தாய்.

"வயசான காலத்துல கோலி ஆடுறியா?" என்று கிண்டல் செய்வேன்.

"நாள் முழுக்க வெள்ளையவே பாத்துக்கிட்டிருக்கோம்பா. இதுக்குள்ள பாரு, எத்தன கலரு!"

அதில் உன் செல்லம் அந்த நீலப் பூ. இதழோரம் ஒரு காற்றுக் குமிழி. கடைக்காரன் பழுது என்றானாம். உனக்கோ அந்தக் குமிழிதான் பிடித்தது. என் கிரகப்பிரவேசத்துக்கு அதையே கொடுத்தாய்.

நான் என்ன செய்தேன்? மகளின் நிச்சயதார்த்தத்தன்று அதை வானூர்ச் சம்பந்திக்குக் கொடுத்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது என்று அளக்கவும் செய்தேன்.

பிறகு கல்யாணப் பேச்சுக்கு உன்னையும் அங்கே கூட்டிப்போனேன். டீப்பாயில் அது இருந்தது. "ஃபாரின் அயிட்டம்ங்க. சம்பந்தி வரவழைச்சுக் கொடுத்தாரு" என்றார் அவர். நீ கையில் எடுத்தாய். குமிழியைப் பார்த்தாய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும்.

"ரொம்ப அழகா இருக்குதுங்க. வெயில்ல மட்டும் வெச்சிடாதீங்க, பேப்பர் பத்திக்கும்" என்று திரும்ப வைத்துவிட்டாய். பைக்கில் வரும்போது, மழை வந்தால் உப்புப் பாத்தி என்னாகும் என்றே பேசிக்கொண்டு வந்தாய்.

மன்னிப்புக் கேட்க ஆறு வருடம் இருந்தது. கேட்கவில்லை. அதைவிட வெட்கம், உன் கொட்டகைப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டேன். கடைசியில் உன் சாவுக்கு மாலையோடு வந்து நின்றேன்.

பதினாறாம் நாள் உன் மகள் அந்தச் சிவப்புப் பூவைக் கொண்டுவந்தாள். "அப்பா உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாரு பெரியப்பா."

"வேற ஏதாச்சும் சொன்னானாம்மா?"

"வெயில்ல வெச்சிடாதீங்கன்னு மட்டும் சொல்லச் சொன்னாரு."

யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லியிருக்கலாம் நீ. அந்தத் திட்டாவது எனக்குக் கிடைத்திருக்கும்.

வெளிச்சம் பட்டால் பூ இன்னும் சிவப்பாகத் தெரியுமே என்ற ஆசையில்தான் இன்று சன்னலில் வைத்தேன். இப்போது நிழலுக்கு மாற்றிவிட்டேன். வருகிறவர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டால், "என் ஃபிரெண்டு கொடுத்தது, உப்பளத்துல சீட்டு எழுதினவன்" என்கிறேன். வானூரில் நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான்.