நாக்குக்கடியில் நாலு சொட்டு

இன்று காலை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் என் பக்கத்தில் வந்து நின்றவரின் கோட்டிலிருந்து அந்த வாசனை வந்தது. முன்பென்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளிப் போயிருப்பேன். இன்று ரயில் வரும்வரை அங்கேயே நின்றேன். உனக்காக நான் மாதாமாதம் போய் வந்த கடையின் வாசனை அது.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு உன் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. வாந்தி மாத்திரைகள் பாதி வேலைதான் செய்தன. கஞ்சா எண்ணெயையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று உன் டாக்டர் எழுதிக் கொடுத்தார். நியூ ஜெர்சியில் அது மருந்து. கிரீன் கார்டு தருகிற அமெரிக்க மத்திய அரசுக்கோ அது போதைப்பொருள். உங்கள் விண்ணப்பம் பன்னிரண்டு வருடமாக வரிசையில் கிடந்தது. "இதால ரிஜெக்ட் ஆயிட்டா? இவ்ளோ வருஷம் வெயிட் பண்ணோமே" என்று உன் கணவர் பயந்தார். நீ தலையணையில் சாய்ந்தபடி, "கார்டு வர்றப்ப வாங்கிக்க நான் இருக்கணும்ல?" என்றாய். உன் தோழி நான் சிட்டிசன்; எனக்கு அந்தப் பயம் இல்லை. உன் பராமரிப்பாளராகப் பெயரைப் பதிந்துகொண்டு நானே போய் வாங்கி வந்தேன்.

முதல் நாள் நாக்குக்கடியில் நாலு சொட்டு விட்டுக்கொண்டு சோபாவில் படுத்தாய். நான் உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும், "ஏய், பசிக்குதுடி" என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வாரம் ஆகியிருந்தது! பதற்றத்தில் நான் ஊற்றிய முதல் ரவா தோசை பிய்ந்து போனது. அதையும் விடாமல் தின்றாய். சில நாள் தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்டாய். கட்டி கரையவில்லை, கரையும் என்று யாரும் சொல்லவும் இல்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. எனக்கு அதுவே பெரிது.

பிளெய்ன்ஸ்பரோ கிளப்ஹவுஸில் பொங்கல் பாட்லக், ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு போகும் விருந்து. சாப்பாட்டுக்கு முன் நீ சொட்டு விடுவதை எதிர் பிளாக் ஆன்ட்டி பார்த்துவிட்டார். "அது என்னம்மா?" என்றதும் நான் முந்திக்கொண்டு, "கேரளா ஆயுர்வேத எண்ணெய் ஆன்ட்டி" என்று உளறினேன். "எனக்கும் முட்டி வலிக்கு ரெண்டு பாட்டில் ஆர்டர் பண்ணிடும்மா" என்றார் அவர். சிரிப்பை அடக்க முடியாமல் உனக்குப் புரையேறிவிட்டது. காரில் ஏறியதும் சிரிப்பு போய்விட்டது. "நான் என்ன தப்புப் பண்றேன்? வாய்க்கு சோறு வேணும்னு டாக்டர் குடுத்த மருந்து. இனிமே என்னைப் பத்திப் பொய் சொல்லாதடி." எனக்குச் சுருக்கென்றது.

உன் நினைவுக் கூட்டமும் அதே கிளப்ஹவுஸில்தான். நான் பேச எழுந்தபோது உன் கணவர் பக்கத்தில் வந்து, "அந்த ஆயில் மேட்டர் மட்டும் வேணாம். அவ பேரு கெட்டுடும்" என்றார். அவர் துக்கம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் கோபம் வந்தது. டாக்டர் கொடுத்த மருந்தால் பேர் எப்படிக் கெடும்? போய்ச் சேர்ந்தவளின் விண்ணப்பத்தை இனி எந்த ஆபீஸ் என்ன செய்துவிடும்? மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "கடைசி அஞ்சு மாசம் அவ எங்களோட மேஜையில உக்காந்து சாப்பிட்டா. கஞ்சா எண்ணெய் இருந்ததாலதான் சாப்பிட முடிஞ்சுது. டாக்டர் எழுதினாங்க, நான் வாங்கினேன்." உன் கணவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

அதன் பிறகு எனக்கு போன்கள் வருகின்றன. அப்பாவுக்குக் கீமோ என்பார்கள், மனைவிக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்பார்கள். டாக்டரிடம் கஞ்சா எண்ணெய் என்று பேரைச் சொல்லியே கேளுங்கள் என்கிறேன். எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நான் தாழ்த்துவதில்லை.