நீங்கள் நின்ற கட்டில்

அக்கா,

கீழ்வீட்டில் இன்று காலை யாரோ மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நெடி மாடி வரை ஏறி வந்து என்னை இரும வைத்தது. நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்பார்கள். எனக்கோ உங்கள் ஞாபகம் வந்தது. உங்களுக்கு நான் செய்ததை எழுதாமல் இனி இருக்க முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் குழந்தைகள் வார்டில் என் மகன் படுத்திருந்தான். வயது ஆறு. மூளையிலிருந்த கட்டியை எடுத்துவிட்டு, தலையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்க ஒரு குழாய் வைத்திருந்தார்கள். உங்கள் மகளும் அதே வியாதியில், அதே வார்டில் போனவள். அவள் போன பிறகும் நீங்கள் நீலசந்திராவிலிருந்து தினமும் காலையில் வருவீர்கள். வாட்ச்மேன் தடுக்கமாட்டார். கையில் பை கூட இருக்காது. கட்டில்களுக்கு நடுவே மெதுவாக நடப்பீர்கள். ஏதாவது ஒன்றின் அருகே நின்றுவிடுவீர்கள்.

"அந்தம்மா எந்தக் கட்டிலாண்ட நிக்குதோ அது காலியாயிடுது, பாத்துக்கினே இரு" என்று பக்கத்துக் கட்டில்காரி என் காதில் சொன்னாள். அந்த வாரம் இரண்டு கட்டில்கள் காலியாகியிருந்தன. உங்கள் செருப்புச் சத்தம் கேட்டாலே தாய்மார்கள் பிள்ளைகளின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். நானும் திருப்பினேன்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் கட்டிலருகே நின்றீர்கள். அவன் அப்போதுதான் வாந்தியெடுத்துவிட்டு, உடனே சிரித்துக்கொண்டு இட்லி கேட்டான். பிள்ளைக்குப் பசிக்கிறதே என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. நீங்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரை எடுக்க நீண்ட கையையே பார்த்தீர்கள்.

"டம்ளரத் தாண்டிப் போவுது பாரும்மா கை. எழுந்ததும் வாந்தி, ஒடனே பசி. இது வயித்து வாந்தி இல்ல. கொழா அடச்சிக்கிச்சு. டாக்டராண்ட சொல்லு."

"என் புள்ளையப் பாக்காதீங்க! உங்க பொண்ண முழுங்கினது போதாதா? போங்க!" என்று கத்தினேன்.

வார்டே திரும்பிப் பார்த்தது. நீங்கள் கோபப்படவில்லை. பழகிய பதில் போலக் கேட்டுக்கொண்டு போனீர்கள்.

டாக்டரிடம் நான் சொல்லவில்லை. உப்பையும் மிளகாயையும் அவன் தலையைச் சுற்றிப் பொட்டலம் கட்டி, காக்ஸ் டவுன் வீட்டில் எரிக்கும்படி கணவரிடம் கொடுத்தேன். சாயங்காலம் வந்து, "கொஞ்சம் கூட நெடியே வரல" என்றார். எனக்கு அதுவே சாட்சி. எல்லாம் உங்கள் கண்தான், அதையும் கழித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். என் முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் காலை அவனை எழுப்ப முடியவில்லை. நான் அலறி ஓடினால், கதவருகே ஏற்கெனவே நீங்கள் நர்ஸின் கையைப் பிடித்து, "பேகா பன்னி சிஸ்டர், பேகா" என்று கன்னடத்தில் சீக்கிரம் வரச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தீர்கள்.

குழாய்தான் அடைத்திருந்தது. அன்றே ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, இடது கண்ணில் பார்வை போனது. டாக்டர் என்னைக் குறை சொல்லவில்லை. வீணாய்ப் போன அந்த ஒரு நாள் யாரால் என்று எனக்குத் தெரியும்.

வீடு திரும்பிய பிறகு நீலசந்திராவில் உங்களைத் தேடி வந்தேன். "காய்ச்சல்ல போயிட்டாங்க, பத்து நாளாவுது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

அன்றிலிருந்து உங்கள் பார்வை என்னிடம் இருக்கிறது, அக்கா. எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முகம் மனதில் நிற்பதில்லை. கை, நடை, கழுத்தின் சாய்வு, இவைதான் தெரிகின்றன. மகன் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். அவன் காபியை எடுக்கும்போது கை டம்ளரைத் தாண்டுகிறதா என்று இன்னும் பார்க்கிறேன்.

போன வாரம் பஸ்ஸில் ஒரு சிறுமி. கண்டக்டர் நீட்டிய டிக்கெட்டைத் தாண்டிப் போனது அவள் கை.

"காலைல எழுந்ததும் வாந்தி எடுக்கறாளாம்மா?" என்று அவள் தாயிடம் கேட்டேன்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றவளின் முகம் வெளுத்துவிட்டது. மகளின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கினாள். நானும் இறங்கிப் பின்னாலேயே போனேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடி, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தினமும் காலையில் அந்தக் கதவுக்கு எதிரே போய் நிற்கிறேன். நேற்று அவள் புருஷன் கையை ஓங்கினான். அடித்தாலும் பரவாயில்லை. அந்தச் சிறுமியை அவர்கள் டாக்டரிடம் காட்டும் வரை நாளைக்கும் போவேன்.